மூன்றாவது எட்டு மணி நேரம் யாருக்குச் சொந்தம்?

பெங்களூரு காக்ஸ் டவுனில் நான்கு இளைஞர்கள் ஒரு சனிக்கிழமை இரவு பங்க் ராக் இசை நிகழ்ச்சி நடத்த விரும்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு கிட்டார்கள், ஒரு டிரம் செட், கடன் வாங்கிய ஒலிபெருக்கி. இவைதாம் அவர்களின் மொத்த மூலதனம். கேட்க வருபவர்கள் எண்பது பேர். உணவு விநியோகம் செய்பவர், அழைப்பு மையத்தில் வேலை பார்ப்பவர், ஒப்பந்த முறையில் மென்பொருள் எழுதுபவர், கல்லூரி மாணவர் என்று எல்லோரும் சம்பள நாளை எண்ணி வாழ்பவர்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. உண்டியல் குலுக்கினால் ஆட்டோ வாடகைக்குத் தேறும். இந்த எளிய விருப்பம் நிறைவேற அந்த நகரத்தில் என்னென்ன தேவை?

முதலில் இடம் வேண்டும். வாடகை வீட்டின் மொட்டை மாடி என்றால் வீட்டுக்காரர் மறுநாளே காலி செய்யச் சொல்வார். கல்யாண மண்டபம் என்றால் ஒரு நாள் வாடகை அவர்களின் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். பூங்கா என்றால் மாலையிலேயே பூட்டு விழும். எஞ்சுவது மதுக்கூடம் ஒன்றே. அங்கே மேடை உண்டு, மின்சாரம் உண்டு. ஆனால் உரிமையாளர் கேட்கும் முதல் கேள்வி, எத்தகைய பாட்டு என்பதன்று; எத்தனை பேர் குடிப்பார்கள் என்பதே. அவரும் சம்மதித்த பின், பொதுக் கேளிக்கைக்கான காவல்துறை உரிமம், அதற்கு முன்னிபந்தனையாகக் கட்டட நிறைவுச் சான்றிதழ், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று என்று வரிசை நீளும். முடிவில் அந்த எண்பது பேரும் தத்தம் அறைக்குத் திரும்பிக் கைபேசியில் பாட்டுக் கேட்டபடி உறங்கிப்போவார்கள். எந்தத் தடை உத்தரவும் வெளியிடப்படவில்லை. எவரும் கைது செய்யப்படவில்லை. ஆயினும் நிகழ்ச்சி நடக்கவில்லை. நவதாராளமய நகரம் தன் இளைஞர்களின் வாயை அடைக்கும் முறை இதுதான்.

இது நான்கு கிட்டார்க்காரர்களின் பிரச்சினை, இதில் தொழிலாளர் இயக்கத்திற்கு என்ன வேலை என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அக்கேள்விக்கு விடை காண வேண்டுமானால் அந்தப் பகுதியின் வரலாற்றிலிருந்தே தொடங்க வேண்டும்.

இராணுவத்திற்காக எழுந்த ஊர்

1809இல் ஆங்கிலேயர் பெங்களூரில் தண்டு அமைத்தபோது, சென்னை இராணுவத்தின் பின்னால் தமிழ் பேசும் சிப்பாய்களும், வணிகர்களும், கொத்தனார்களும், சமையல்காரர்களும், துப்புரவுத் தொழிலாளர்களும் வந்து குடியேறினர். 1881இல் மைசூர் அரசு மன்னர் குடும்பத்திடம் திருப்பி ஒப்படைக்கப்பட்டபோதும் இந்தப் பகுதியை மட்டும் ஆங்கிலேயர் தம் கையிலேயே வைத்துக்கொண்டனர். 1947 ஜூலையில்தான் அது மைசூருக்குத் திரும்பியது. 1949இல் இரு நகரசபைகளும் இணைந்து ஒரே மாநகராட்சி உருவானது. 1898இன் கொள்ளைநோய்க்குப் பின் நெரிசலைக் குறைக்க விரிவாக்கப் பகுதிகள் எழுந்தன. அந்தத் தொடர்ச்சியில் உருவானவற்றுள் ஒன்றுக்குத் தண்டின் கலெக்டராக இருந்த அலெக்சாண்டர் ரேங்கன் காக்ஸின் பெயர் சூட்டப்பட்டது. அதுவே காக்ஸ் டவுன்.

அதிகாரிகளின் பெயர் பலகையில் நிலைத்தது. உழைத்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. சிகரெட் ஆலை அப்பகுதியில் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டது. அதே ஐ.டி.சி. நிறுவனத்தின் மென்பொருள் வளாகம் இன்று பானசவாடி சாலையில் நிற்கிறது. புகையிலைத் தொழிலாளியின் பேரன் கணினித் திரைக்கு முன் அமர்ந்திருக்கிறான். ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, சங்கக் கட்டடம் இருந்தது, ஆண்டுவிழா மேடை இருந்தது. 1980-81இல் எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எம்.எல். ஆகிய பொதுத்துறை நிறுவனங்களின் தொழிலாளர்கள் 77 நாட்கள் வேலைநிறுத்தம் செய்த நகரம் இது. அந்தத் தலைமுறை ஒன்றுகூட அதற்கென்று இடங்கள் இருந்தன. இன்றைய தலைமுறை ஒன்றுகூட வேண்டுமானால் ஏதேனும் விலைக்கு வாங்கியாக வேண்டும். காப்பி வாங்கினால் அரை மணி நேரம், பீர் வாங்கினால் ஒரு மணி நேரம் என்று உட்காரும் உரிமை அளந்து விற்கப்படுகிறது.

‘மேலைநாட்டுச் சீரழிவு’ என்னும் சொல்

இயக்கத்திற்குள்ளேயே ஒரு மனத்தடை இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. கிழிந்த ஜீன்ஸ், ஆணி பதித்த கழுத்துப்பட்டை, காது கிழியும் சத்தம் ஆகியவற்றைக் கண்டவுடன் ‘மேலைநாட்டுச் சீரழிவு’ என்று முத்திரை குத்தும் பழக்கம் அது. அந்த முத்திரை சங் பரிவாரத்தின் கையிலும் இருக்கிறது என்பதை மட்டும் அத்தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். 2009 ஜனவரி 24 அன்று மங்களூரு மதுக்கூடத்தில் இளம்பெண்களை அடித்துத் துரத்திய ஸ்ரீராம சேனையின் வாயிலும் ‘பண்பாடு’ என்ற சொல்தான் இருந்தது.

இசைக்கருவிக்கு எந்தச் சாதியும் எந்தத் தேசமும் கிடையாது. ஐரோப்பாவில் பிறந்த வயலின் இல்லாமல் இன்று கர்நாடகக் கச்சேரி இல்லை. ஐரோப்பாவில் பிறந்த ஆர்மோனியத்தை 1940இல் அகில இந்திய வானொலி அந்நியக் கருவி என்று விலக்கி வைத்தது. அந்தத் தடை தளர 1971 வரை ஆயிற்று. ஆனால் அதே ஆர்மோனியம்தான் நாடகக் கொட்டகையிலும் விடுதலைப் போராட்ட மேடையிலும் செங்கொடி மேடையிலும் மக்களின் கருவியாய் ஒலித்தது. 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதன்முறை மேடையேறியபோது கானாவும் பறையும் ராக் இசையும் ஒன்றாய் ஒலித்தன. அயோத்திதாசரின் ‘சாதி பேதமற்ற’ என்ற சொல்லாட்சி மின்கிட்டாருடன் சேர்ந்து பல்லாயிரம் இளைஞர்களைச் சென்றடைந்தது. மின்கிட்டார் அதனால் மாசுபட்டதா, மெருகேறியதா?

பங்க் இசையின் பிறப்பும் அத்தகையதே. 1976இல் பன்னாட்டு நிதியத்திடம் கடனுக்குக் கையேந்தி, அதன் நிபந்தனைப்படி மக்கள்நலச் செலவை வெட்டிய பிரிட்டனில், பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் வேலையின்றி இருந்தனர். பெரும் இசை நிறுவனங்கள் கோடிகளில் புரண்ட அந்த நாளில், மூன்று சுரக்கூட்டுகள் தெரிந்தால் போதும், யாரும் மேடையேறலாம் என்று அறிவித்தது பங்க். பாட்டு இரண்டு நிமிடம், வேகம் கடுமை, சொல் நேரடி. இசைத்தட்டை அவர்களே பதிவு செய்தார்கள். சுவரொட்டியை அவர்களே ஒட்டினார்கள். சிற்றிதழை அவர்களே நகலெடுத்து விற்றார்கள். தெருமுனைக் கூட்டத்திற்குப் பசை காய்ச்சி விடிய விடியச் சுவரொட்டி ஒட்டிய தோழர்களுக்கு இது அந்நியமான பழக்கம் அன்று.

அதே 1976இல் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் பர்மிங்காம் மேடையில் குடியேறிகளுக்கு எதிராக நஞ்சு கக்கினார். அதற்கு மறுமொழியாக இடதுசாரிகளும் கலைஞர்களும் சேர்ந்து ‘இனவெறிக்கு எதிரான ராக்’ இயக்கத்தைத் தொடங்கினர். 1978 ஏப்ரல் 30 அன்று லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்திலிருந்து விக்டோரியா பூங்கா வரை பல்லாயிரக்கணக்கானோர் நடந்தனர். பூங்கா மேடையில் ‘தி க்ளாஷ்’ உள்ளிட்ட குழுக்கள் பாடின. வெள்ளைத் தொழிலாளியின் மகனும் ஜமைக்காவிலிருந்து வந்தவரின் மகனும் ஒரே இசைக்கு ஆடினர். பாசிச ‘நேஷனல் ஃப்ரண்ட்’ கட்சி வெள்ளை இளைஞர்களைத் தன் பக்கம் இழுக்க முயன்ற காலத்தில் அவர்களை மறுபக்கம் இழுத்த கைகளில் ஒன்று அந்த இசை.

இந்தியத் தொழிலாளர்களுக்கு அதில் நேரடிப் பங்கு உண்டு. 1979 ஏப்ரல் 23 அன்று, இந்தியர் நிறைந்து வாழும் சௌத்தாலில் நேஷனல் ஃப்ரண்ட் தேர்தல் கூட்டம் நடத்த வந்தது. இந்தியத் தொழிலாளர் சங்கம் உள்ளிட்ட அமைப்புகள் எதிர்த்து நின்றன. காவல்துறைத் தாக்குதலில் ஆசிரியர் பிளேர் பீச் உயிரிழந்தார். முந்நூறுக்கும் மேற்பட்டோர் மீது வழக்குப் பாய்ந்தது. அன்று காவலர்கள் ‘பீப்பிள்ஸ் யுனைட்’ என்னும் இசைக் கூடத்திற்குள் நுழைந்து ஒலிக்கருவிகளையும் உடைத்தனர். ‘மிஸ்டி இன் ரூட்ஸ்’ குழுவின் மேலாளர் கிளாரன்ஸ் பேக்கரின் மண்டை உடைந்தது. அடக்குமுறைக்கு இசைக்கூடமும் போராட்டக் களமும் வேறு வேறாகத் தெரியவில்லை. அவ்வாண்டு ஜூலையில் சௌத்தால் வழக்குகளுக்காக லண்டன் ரெயின்போ அரங்கில் நிதி திரட்டும் நிகழ்ச்சிகள் நடந்தபோது மேடையேறியவர்களில் க்ளாஷ் குழுவும் இருந்தது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். அதே பங்க் இசையின் ஒரு கிளை நாஜிகளின் கைக்குப் போனது. ‘கம்யூனிசத்திற்கு எதிரான ராக்’ என்ற பெயரிலேயே பாசிஸ்டுகள் எதிர் மேடை அமைத்தனர். ஆகவே பங்க் என்றால் புரட்சி என்று கொண்டாடுவதும் பிழை. பங்க் என்றால் சீரழிவு என்று ஒதுக்குவதும் பிழை. கோபம் இளைஞர்களிடம் இருக்கிறது. அதற்கு மேடை அமைத்துக் கொடுப்பவர் யாரோ, அவரே அதன் திசையைத் தீர்மானிக்கிறார். இந்தியாவில் அந்த மேடையை இன்று யார் அமைக்கிறார்கள்? இராமநவமி ஊர்வலத்தில் மசூதி வாசலில் டி.ஜே. லாரியை நிறுத்தி, வெறுப்புப் பாட்டுக்கு இளைஞர்களை ஆட வைப்பவர்கள் அமைக்கிறார்கள். இடதுசாரிகள் விலகி நின்ற களம் வெறுமையாய்க் கிடப்பதில்லை.

உரிமத்தின் அரசியல்

இனி, காக்ஸ் டவுன் இளைஞர்களைத் தடுத்து நிறுத்திய அந்தக் காகிதத்தைப் பார்க்கலாம். 1963ஆம் ஆண்டின் கர்நாடகக் காவல் சட்டம் தந்த அதிகாரத்தைக் கொண்டு, பொதுக் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் வழங்கிக் கட்டுப்படுத்தும் உத்தரவு 2005இல் பெங்களூரில் பிறப்பிக்கப்பட்டது. பெண்கள் பாடி ஆடும் ‘லைவ் பேண்ட்’ மதுக்கூடங்களைக் கட்டுப்படுத்துவதே நோக்கம் என்று கூறப்பட்டது. அங்கு வேலை பார்த்த பெண்களுக்கு மாற்று வாழ்வாதாரம் என்ன என்ற கேள்வியை அரசு கேட்கவே இல்லை. 2018 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதன்பின் நகரக் காவல்துறை எல்லா மதுக்கூடங்களிடமும் உரிமம் கேட்டது. கட்டட நிறைவுச் சான்றிதழே இல்லாத கட்டடங்கள் மலிந்த நகரத்தில் அந்த உரிமம் எட்டாக்கனி ஆயிற்று. பல இடங்களில் நேரடி இசை நின்றது. சுயேச்சைக் குழுக்களுக்கு மேடை தந்துவந்த இந்திரா நகரின் ‘தி ஹம்மிங் ட்ரீ’ 2019இல் மூடப்பட்டது.

2005இல் ஆட்சியில் இருந்தது காங்கிரஸ் - மதச்சார்பற்ற ஜனதா தளக் கூட்டணி. பின்னர் பா.ஜ.க. வந்தது, போனது, காங்கிரஸ் மீண்டும் வந்தது. உரிமம் மட்டும் அசையவில்லை. அதே சமயம், மது விற்பனைக்கு இரவு 1 மணி வரை அனுமதி விரிந்தது. 2024-25 நிதிநிலை அறிக்கையில் ஆயத்தீர்வை வருவாய் இலக்கு 38,525 கோடி ரூபாய். ஆக, அரசின் கணக்குத் தெளிவானது: இளைஞன் இரவில் விழித்திருக்கலாம், குடிக்கலாம், செலவழிக்கலாம், பாடுவதற்கு மட்டும் காவல் ஆணையரின் கையொப்பம் வேண்டும்.

பெருநிறுவனங்களுக்கு இந்தத் தடை ஒரு பொருட்டன்று. மது நிறுவனத்தின் பெயரையே நெற்றியில் சூடிக்கொண்டு, ஆயிரக்கணக்கில் நுழைவுக் கட்டணம் வசூலித்து, பெரும் இசை விழாக்கள் நடக்கின்றன. சிறு குழுக்களின் மேடை ஒடுங்க ஒடுங்க, பெருமுதலாளியின் மேடை அகல்கிறது. எல்லாத் துறைகளிலும் நடக்கும் ஏகபோகக் குவிப்பு இசையிலும் நடக்கிறது; அவ்வளவே.

கிட்டாரும் செங்கொடியும்

இந்த இடத்தில்தான் கட்சித் தோழர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும். அதே காவல் சட்டத்தின் அதிகாரத்தைக் கொண்டு 2021இல் மற்றொரு உத்தரவு வந்தது. பெங்களூரில் ஆர்ப்பாட்டங்களுக்கும் போராட்டப் பேரணிகளுக்கும் அது உரிமம் விதித்தது. போராட்டம் என்றால் ஃப்ரீடம் பார்க் ஒன்றுதான் இடம் என்று வரையறுத்தது. டவுன் ஹால் படிக்கட்டுகளில் காலங்காலமாய் எழுந்த முழக்கம் அங்கிருந்து அகற்றப்பட்டது. ஃப்ரீடம் பார்க் எது? அவசரநிலைக் காலத்தில் அரசியல் கைதிகளை அடைத்து வைத்த பழைய மத்தியச் சிறைச்சாலை வளாகம். சிறைச் சுவருக்குள் சென்று சுதந்திரமாய் முழங்கலாம் என்று அரசு அனுமதிக்கிறது!

கிட்டாரை மௌனமாக்கிய உரிமமும் செங்கொடியைச் சிறை வளாகத்திற்குள் ஒதுக்கிய உரிமமும் ஒரே மேசையில் கையொப்பமிடப்படுகின்றன. மக்கள் கூடுவதும் குரல் எழுப்புவதும் அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு தரும் உரிமை என்ற நிலையிலிருந்து, காவல்துறை தரும் சலுகை என்ற நிலைக்குக் கீழிறக்கப்பட்டுள்ளன. முதல் உத்தரவு மதுக்கூடங்களைப் பற்றியது என்று கருதிச் சனநாயக இயக்கங்கள் போதிய அக்கறை காட்டவில்லை. இரண்டாவது உத்தரவு அவர்களின் வாசலுக்கே வந்தது. இதற்கிடையே 2020 செப்டம்பரில் மாநகராட்சி மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. ஐந்தாண்டுகள் கடந்தும் தேர்தல் நடத்தப்படவில்லை. மக்கள் தேர்ந்தெடுத்த வார்டு உறுப்பினர் இல்லாத நகரத்தில், தெருவின் இரவை ஆணையர்களே ஆள்கிறார்கள்.

உறக்கமும் உரிமையே

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது நியாயமானதும்கூட. அதிகாலை நான்கு மணிக்குத் துடைப்பத்துடன் கிளம்ப வேண்டிய தூய்மைப் பணியாளருக்கும், காய்ச்சலில் கிடக்கும் குழந்தைக்கும், தேர்வுக்குப் படிக்கும் மாணவிக்கும் அமைதி வேண்டாமா? கட்டாயம் வேண்டும். ஆனால் அதற்கான விடை சட்டத்திலேயே இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடை செய்கின்றன; அதே விதிகள் கலையரங்கம், சமுதாயக் கூடம் போன்ற மூடிய அரங்குகளுக்கு விலக்கும் அளிக்கின்றன. குடியிருப்புப் பகுதியின் இரவு வரம்பு 45 டெசிபல். ஒலி வெளியே கசியாத சமுதாயக் கூடம் ஒன்றிருந்தால் பாடுபவரும் உறங்குபவரும் மோத வேண்டியதில்லை. பொதுக்கூடம் கட்டாத அரசுதான் அவர்கள் இருவரையும் மோத விடுகிறது.

மேலும், ஒலி விதிகள் யார்மீது பாய்கின்றன என்பதும் அரசியலே. 2022 மே மாதம், மசூதிகளின் பாங்கொலிக்கு எதிராக விடியற்காலை ஐந்து மணிக்கு ஒலிபெருக்கியில் அனுமன் துதி பாடும் இயக்கத்தை ஸ்ரீராம சேனை கர்நாடகத்தில் அறிவித்தது. உறக்கத்தைப் பற்றிய கவலை அதில் எள்ளளவும் இல்லை. அண்டை வீட்டாரை மிரட்டும் நோக்கமே இருந்தது. மசூதியும் மாதா கோவிலும் அம்மன் கோவிலும் கூப்பிடு தூரத்தில் நிற்கும் காக்ஸ் டவுன் போன்ற பகுதிகளின் அன்றாட நல்லிணக்கத்திற்கு அத்தகைய ஒலியே உண்மையான ஆபத்து.

எட்டு மணி நேரத்தின் மூன்றாம் பங்கு

எட்டு மணி நேர உழைப்பு, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் தன் விருப்பப்படி. 1886இல் சிகாகோத் தொழிலாளர்கள் இரத்தம் சிந்தியது இந்த முழக்கத்திற்காகத்தான். முதல் எட்டு மணி நேரத்தைக் காக்க இயக்கம் இன்றும் போராடுகிறது. 2023இல் கர்நாடக அரசு தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறந்தது. 2024 ஜூலையில் தகவல் தொழில்நுட்பத் துறையில் பதினான்கு மணி நேர வேலைநாள் பற்றிய முன்மொழிவு வந்தபோது, கர்நாடக ஐ.டி. ஊழியர் சங்கமான ‘கிட்டு’ அதை எதிர்த்துக் களமிறங்கியது. ஆனால் மூன்றாவது எட்டு மணி நேரத்தைப் பற்றி இயக்கம் பேசுவது குறைவு. தொழிலாளி தன் விருப்பப்படி வாழும் நேரம் அது. பாடவும், படிக்கவும், ஆடவும், வாதிடவும், காதலிக்கவும், சங்கம் அமைக்கவும் உரிய நேரம் அது. மூலதனம் அந்த நேரத்தை இரண்டு வகையில் பறிக்கிறது: வேலைநாளை நீட்டித்துப் பாதியைத் தின்கிறது, கூடுமிடங்களைச் சந்தைக்கு விற்று மீதியைத் தின்கிறது. இரவு முழுவதும் வேலை வாங்க நகரம் திறந்திருக்கிறது. இரவில் இரண்டு மணி நேரம் கூடிப் பாட மட்டும் பூட்டப்படுகிறது.

தமிழ்நாட்டில் கலை இரவு நடத்திப் பழகிய இயக்கத்திற்கு இதில் கற்றுக்கொள்ளப் புதிதாய் எதுவுமில்லை. நுழைவுச்சீட்டும் மதுவும் இன்றி, திறந்த மேடையில் விடிய விடியப் பறையும் பாட்டும் நாடகமுமாய்ப் பல்லாயிரம் மக்களை உட்கார வைத்த அனுபவம் அது. 1989 ஜனவரி முதல் நாள் சாகிபாபாத்தில் தொழிலாளர்களுக்காக வீதி நாடகம் நடத்தியபோதுதான் சஃப்தர் ஹாஷ்மி தாக்கப்பட்டு மறுநாள் உயிர் துறந்தார். நான்காம் நாள் அவர் துணைவியார் மொலயஸ்ரீ தோழர்களுடன் அதே இடத்திற்குத் திரும்பி, நின்றுபோன நாடகத்தை நடத்தி முடித்தார். இந்த மரபுக்கு உரியவர்கள், கிட்டார் ஏந்திய இளைஞனைக் கண்டு முகம் சுளிப்பது பொருந்தாது.

செய்ய வேண்டியவை கண்முன்னே உள்ளன. ஒவ்வொரு வார்டிலும் குறைந்த வாடகையில் எவரும் பயன்படுத்தத்தக்க, ஒலி கசியாத சமுதாயக் கூடம் வேண்டும் என்பது மாநகராட்சித் தேர்தலின் கோரிக்கையாக வேண்டும். நுழைவுக் கட்டணமும் மது விற்பனையும் இல்லாத சிறு நிகழ்ச்சிகளுக்குக் காவல்துறை உரிமம் என்ற நிபந்தனையே நீக்கப்பட வேண்டும். தகவல் தெரிவித்தால் போதும் என்ற நிலை வர வேண்டும். போராட்டத்தை ஃப்ரீடம் பார்க்குக்குள் அடைக்கும் உத்தரவை எதிர்க்கும் இயக்கத்தில் இசைக்கலைஞர்களையும் இணைக்க வேண்டும். அரசு கட்டித் தரும் வரை காத்திராமல், சங்க அலுவலகங்களின் கூடங்கள் மாதம் ஒரு மாலையேனும் இளைஞர்களுக்குத் திறந்துவிடப்பட வேண்டும். அவர்கள் பாடுவது எல்லாமே தோழர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். பிடிக்காத இடத்தில் வாதிடலாம். வாதிடுவதற்கு முதலில் ஒரே கூரையின் கீழ் அமர்ந்திருக்க வேண்டும்.

காக்ஸ் டவுனின் அந்த நான்கு இளைஞர்கள் இன்னும் இடம் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கதவைத் திறப்பவர் மதுக்கூட முதலாளியா, டி.ஜே. லாரியின் சொந்தக்காரரா, தொழிற்சங்கத் தோழரா என்பதுதான் கேள்வி. சங்க அலுவலகத்தின் சாவி தோழர்களின் கையில்தான் இருக்கிறது.